ஒண்ணு ஊட்ல இருக்கணும்

மாடி வீட்டு அண்ணனோடு எனக்கு அறிமுகம் ஏற்பட்டதே ஒரு சண்டையில்தான். அதுவும் பாதியில் நின்றுபோன சண்டை.

கல்யாணமான புதிதில் கவரைப்பேட்டையில், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதிக்குக் குடிவந்திருந்தோம். என் வீட்டுக்காரர் டிரெய்லர் ஓட்டுகிறவர். கும்மிடிப்பூண்டி மில்லில் கம்பி ஏற்றிக்கொண்டு போனால் எந்த ஊரிலிருந்து எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்யாணத்துக்கு எடுத்த சிவப்புப் புடவையைத் துவைத்து மொட்டைமாடிக் கொடியில் போட்டுவிட்டு வந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஜரிகை மேலேயே புறா எச்சம். எனக்கு வந்த கோபத்தில் கண் தெரியவில்லை. மாடியில் ஒரு அறையும் அதை ஒட்டிப் பெரிய புறாக்கூண்டும் இருந்தன. கூண்டுக்கு முன்னால் ஒரு மனிதர் பனியனும் லுங்கியுமாக, கையைப் புருவத்துக்கு மேல் வைத்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா, தாயே, அந்தப் பொடவைய எடுத்துடும்மா."

"இன்னாது?"

"பொடவைம்மா. செவப்பா ஆடிக்கினு கீது பாரு. அத்தப் பாத்துட்டு எறங்க மாட்டேங்குது."

மேலே பார்த்தேன். ஒற்றைப் புறா வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. "அப்ப இந்த எச்சம்?" என்றேன்.

"அதுவும் அவன்தான். நெல்லூருக்கு அந்தாண்ட இருந்து வந்துக்கினு கீறான். கொஞ்சம் மன்னிச்சுக்கோ."

அந்தக் குரலில் இருந்த கெஞ்சலைக் கேட்டு, என்னை அறியாமல் புடவையை உருவிச் சுருட்டிக்கொண்டேன். அடுத்த நொடி புறா கூண்டின் பலகையில் வந்து இறங்கி, உள்ளே நடந்து போயிற்று. அண்ணன் அதன் காலில் இருந்த வளையத்தைக் கழற்றிப் புறாப் பந்தயம் நடத்துகிறவர்களுக்குத் தகவல் அனுப்பினார். அவருடைய கண்ணில் தண்ணீர். ஒரு புறாவுக்காக ஆம்பளை அழுது அன்றுதான் பார்த்தேன்.

என் புடவையால் அந்தப் பந்தயத்தில் அவருடைய முதலிடம் போயிற்று என்பது பிறகு அவருடைய மனைவி சொல்லித்தான் தெரிந்தது. அவர் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் படியில் பார்த்தபோது, "தங்கச்சி, இனிமே தெனமும் மாடிலயே காயப்போடு. செவப்போ பச்சையோ இன்னா கலரா இருந்தாலும் போடு. அதுங்களும் பழகட்டும்" என்றார். பழக்கியதும் அவர்தான். முதலில் மாடியின் அந்தக் கோடியில் கொடி கட்டினார். புறாக்கள் பயப்படாமல் இறங்கத் தொடங்கியதும் கொடியைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தார். அப்புறம் இன்னும் கொஞ்சம். மழைக்காலம் வருவதற்குள் என் புடவை கூண்டுக்குப் பக்கத்திலேயே ஆடியது, புறாக்கள் அதைச் சட்டை செய்யவில்லை.

அவர் எதைச் செய்தாலும் இப்படித்தான் செய்தார். ஆசை மலையளவு. கால் வைப்பது எறும்பு அளவு.

புறா என்றால் அவருக்கு உயிர். நாஷ்டா சாப்பிடாமல் இருப்பார், புறாவுக்குக் கம்பும் பட்டாணியும் குறையாது. ஞாயிற்றுக்கிழமை அண்ணி சர்ச்சுக்குப் போய்விடுவார், இவருக்கு மாடிதான் சர்ச். ஆனால் பழக்காத புறாவைப் பந்தயத்தில் விட்டதாகச் சரித்திரமே கிடையாது. வார விடுமுறை வந்தால் மூங்கில் கூடையில் குஞ்சுகளை வைத்துக்கொண்டு ரயில் ஏறிவிடுவார். முதலில் எளாவூரில் இறங்கிப் பறக்கவிடுவார். அங்கிருந்து ஒழுங்காக வந்தால் அடுத்தது ஆரம்பாக்கம். அப்புறம் தடா, சூளூர்ப்பேட்டை, கூடூர். வானம் லேசாக மூட்டம் போட்டிருந்தால் கூடையைத் திறக்காமலே அடுத்த ரயிலில் திருப்பிக்கொண்டு வந்துவிடுவார். "ரயில்ல காத்து வாங்கறதுக்கா கூட்டினு போனீங்க?" என்று அண்ணி கேலி செய்வார்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு மில்லில் அவர் பிட்டர். மெஷினில் கை வைப்பதற்கு முன்னால் பியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் பேண்ட் பாக்கெட்டிலேயே போட்டுக்கொள்வாராம். தெரியாமல்கூட யாரும் சுவிட்ச் போட்டுவிடக் கூடாது. ஒருமுறை வேலையை முடித்த மறதியில் கட்டையோடு வீட்டுக்கே வந்துவிட்டார். மெஷின் ஓடாமல் நின்று, அடுத்த ஷிப்டு ஆள் பைக்கில் தேடிக்கொண்டு வந்தான். "இன்னா நைனா இது பேஜாரு, மில்லையே பாக்கெட்ல போட்டுக்கினு வந்துட்டியே!" என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான். தெருவே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். அதற்குப் பிறகும் கட்டையைப் பாக்கெட்டில் போடுவதை மட்டும் அவர் விடவில்லை.

பொன்னேரியில் அவருக்கு ஒரு சிநேகிதர் உண்டு, அவரும் பந்தயக்காரர். ஒரு வருஷம் அந்த மனிதர் ஆவேசத்தில் தன் புறாக்கள் மொத்தத்தையும் ஒரே பந்தயத்துக்கு அனுப்பிவிட்டார். அன்று ஓங்கோல் பக்கம் நல்ல மழை. ஒன்றும் திரும்பவில்லை. அண்ணன் போய் அவருடைய காலிக் கூண்டுக்கு முன்னால் நாளெல்லாம் உட்கார்ந்திருந்துவிட்டு, தன்னிடமிருந்து ஒரு ஜோடிக் குஞ்சையும் கொடுத்துவிட்டு வந்தார். அன்றைக்குத்தான் அவருடைய அந்த வாக்கியத்தை முதன்முதலாகக் கேட்டேன். "பறக்கறது பறக்கட்டும் தங்கச்சி. ஆனா ஒண்ணு ஊட்ல இருக்கணும்."

அது அவருடைய வேதம். ஜோடியில் ஆணைப் பந்தயத்துக்கு அனுப்பினால் பெட்டை கூண்டில்தான் இருக்கும். அனுப்புவதற்கு முன்னால் ரெண்டையும் கொஞ்ச நேரம் ஒன்றாக விடுவார். அந்த நினைப்பில்தான் அது எத்தனை தூரமானாலும் பறந்து வரும் என்பார். வராமல் போனாலும் கூண்டு முழுக்கக் காலியாகிவிடாது. நம்பிக்கைக்கும் அதுதான், பயத்துக்கும் அதுதான்.

எனக்குச் சுருக்கென்றது. "ஊட்ல இருக்கறதக் கேட்டீங்களா அண்ணா? அதுக்கு எப்டி இருக்கும்?"

"அதுக்கு இன்னா? கம்பு கெடைக்குது, தண்ணி கெடைக்குது" என்று சிரித்தார்.

என் வீட்டுக்காரர் அப்போது விசாகப்பட்டினம் போயிருந்தார். எனக்கும் அரிசி இருந்தது, தண்ணீர் வந்தது. ஆனாலும் சாயங்காலம் விளக்குப் போடும் நேரத்தில் இந்த வீட்டில் ஒரு மனிதக் குரல் கேட்காதா என்றிருக்கும். நான் கீழே இறங்கிவிட்டேன்.

அவருக்கு ஒரு கனவு இருந்தது, நாக்பூர் பந்தயம். அங்கே திறந்துவிட்டால் நம் கவரைப்பேட்டை மாடிக்கு வந்து இறங்க வேண்டும். நடுவில் காடு, மலை, வல்லூறு, வலை வைத்துப் பிடிக்கிறவன், எல்லாமே உண்டு. அதற்கென்றே கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு ஆண் புறாவை வளர்த்தார். பெயர் வைக்கவில்லை, நைனா என்றுதான் கூப்பிடுவார். என் புடவையைப் பாழாக்கியதே அதுதான். அதற்கப்புறம் சின்னப் பந்தயம், நடுத்தரப் பந்தயம் எல்லாவற்றிலும் அது ஜெயித்தது. "எப்போ நாக்பூர்?" என்று சிநேகிதர்கள் ஒவ்வொரு வருஷமும் கேட்பார்கள். "இன்னும் ரெடியாவல" என்பார். "புறாவா, நீயா?" என்று பொன்னேரிக்காரர் ஒருமுறை கேட்டுவிட்டார். அண்ணன் சிரித்துச் சமாளித்தாலும் முகம் சுண்டிப்போயிற்று.

அண்ணி பொன்னேரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவருக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தபோது படிக்கட்டில் வைத்தே என்னிடம் சொல்லி என்னைக் கட்டிக்கொண்டார். இருவருக்கும் குழந்தை இல்லை. இங்கே வீட்டு வாடகை, அரிசி, புறாத் தீனி என்றே வருஷங்கள் போய்விட்டன, வேறு ஊரில் வேறு மாதிரி வாழ்ந்து பார்க்கலாம் என்ற ஆசை அவருக்கு. அங்கே பிட்டர் வேலைக்கும் ஆள் எடுக்கிறார்கள், சொந்தக்காரர் ஒருவர் பார்த்துத் தருகிறேன் என்கிறார், ரெண்டு பேரும் சேர்ந்தே போகலாம் என்றார்.

அண்ணன் நாலு நாள் யோசித்தார். பிறகு மாடியில் அண்ணியிடம் சொன்னது துணி மடித்துக்கொண்டிருந்த எனக்கும் கேட்டது.

"ரெண்டு பேரும் போயி அங்க செரிப்படலன்னா? திரும்பி எங்க வருவோம்? நீ போ. நான் இங்க வேலையயும் ஊட்டையும் பாத்துக்கினு இருக்கேன். ஒண்ணு ஊட்ல இருக்கணும்."

"எத்தன நாளைக்குங்க?"

"பாக்கலாம். மொதல்ல நீ போய்ப் பாரு."

எளாவூரில் பறக்கவிட்டுப் பார்த்த மாதிரி அண்ணியையும் முதலில் போகச் சொன்னார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றுதானே நமக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் அன்று எனக்கு அவர்மேல் வந்த எரிச்சல் இன்றும் ஞாபகம் இருக்கிறது.

முதல் வருஷம் அண்ணி லீவில் வந்தார், பேரீச்சம்பழமும் எனக்கு ஒரு சென்ட் பாட்டிலும் கொண்டுவந்தார். அடுத்த வருஷமும் வந்தார், ஆனால் வந்த வேகத்தில் திரும்பினார். அதற்கு அடுத்த வருஷம் வரவில்லை. அண்ணன் மில்லுக்குப் போவார், வருவார், சோறு வடிப்பார், புறாவோடு பேசுவார். அவர் பேசுவது எனக்குக் கீழே கேட்கும். பதில் வராத பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பது கஷ்டமான காரியம். ரசம் வைத்தால் ஒரு கிண்ணம் மேலே கொண்டுபோய் வைப்பேன். காலிக் கிண்ணத்தை என் வாசலில் கழுவி வைத்திருப்பார், அதற்குள் கைப்பிடி பட்டாணி இருக்கும். வெறுங்கிண்ணம் திருப்பித் தரக்கூடாதாம்.

கூண்டைச் சுத்தம் செய்யும்போது போனை ஸ்பீக்கரில் போட்டுப் பலகை மேல் வைத்து அண்ணியோடு பேசுவார். ஒருநாள் நான் துணி எடுக்கப் போனபோது அண்ணியின் குரல் உரக்கக் கேட்டது.

"நான் புறா இல்லீங்க, கூண்டுல யாரோ கீறாங்கன்னு பறந்து வர்றதுக்கு. நீங்க கூட இருந்தாத்தான் எனக்கு அது ஊடு. இங்கயும் எனக்கு ஊடு இல்ல, அங்கயும் இல்ல."

அண்ணன் கையில் சுரண்டுகிற தகடு அப்படியே இருந்தது. புறாக்கள் முனகுவது மட்டும் ரெண்டு பக்கமும் கேட்டிருக்கும். நான் பாதித் துணியை விட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

அந்த வருஷம்தான் நைனாவை நாக்பூருக்கு அனுப்பினார். ஏன் அனுப்பினார் என்று அவர் சொல்லவில்லை. அண்ணி சொன்னதற்குத் தன் வழியில் ஒரு பதில் தேடினாரோ என்று எனக்குத் தோன்றியது. வழக்கம்போல அதன் பெட்டையைக் கூட விட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கூடையில் வைக்கும்போது அதன் தலையில் முத்தம் கொடுத்தார்.

திறந்துவிட்ட அன்று வராது, மறுநாள் வரலாம் என்றார். மறுநாள் மில்லுக்கு லீவு போட்டுவிட்டு விடிந்ததிலிருந்து மாடியில் நின்றார். நானும் வீட்டு வேலையைப் போட்டுவிட்டு மேலே வந்துவிட்டேன். கொடியில் என் சிவப்புப் புடவை கிடந்தது. ஓடிப்போய் எடுக்கப் பார்த்தேன்.

"இருக்கட்டும் தங்கச்சி. இப்போ அதான் அதுக்கு அடையாளம்."

மதியம் மீஞ்சூரில் ஒருவருடைய புறா வந்துவிட்டதாகச் சேதி வந்தது. மாலையில் இன்னொருவருடையது. எங்கள் வானத்தில் காக்கைகள் போயின, கொக்குகள் போயின. மில் புகை தெற்கே சாய்ந்தது. அடுத்த நாளும் நின்றார். அதற்கு அடுத்த நாளும். கழுத்தைத் தூக்கித் தூக்கி அவருக்குக் கழுத்து வலி வந்துவிட்டது. பொன்னேரிக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

அந்த வாரக் கடைசியில் நான் ரசம் கொண்டுபோனபோது, நைனாவின் பெட்டை இருந்த கூண்டறைக்கு முன்னால் அண்ணன் குந்தியிருந்தார்.

"இங்க வந்து பாரு தங்கச்சி" என்றார். "கம்பு கீது. தண்ணி கீது. தொடவே இல்ல."

அது மூலையில் இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கம்பு, வைத்தது வைத்தபடி இருந்தது. முன்தினம் நான் கொண்டுவந்து வைத்த கிண்ணமும் மூடியது மூடியபடி அவருக்குப் பின்னால் இருந்தது. எனக்கு வாய் சும்மா இருக்காது.

"நீங்க மட்டும் துன்னீங்களா அண்ணா?" என்றேன்.

அவர் திரும்பிக் கிண்ணத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். இந்த முறை அவர் அழுதது புறாவுக்கு இல்லை என்று எனக்குத் தெரிந்தது. நானும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். எனக்கு என் காரணங்கள் இருந்தன.

பாஸ்போர்ட், விசா என்று அலைந்து கோடை முடிவதற்குள் அண்ணன் மஸ்கட்டுக்குக் கிளம்பிவிட்டார். அப்போதும் அகலக் கால் வைக்கவில்லை. மில்லில் வேலையை விடாமல் நீண்ட லீவு எழுதிக் கொடுத்தார். மாடி அறையைக் காலி செய்யாமல் பூட்டினார். புறாக்களை மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் கொடுத்தவர், நைனாவின் பெட்டையை மட்டும் கூண்டில் விட்டுவிட்டுச் சாவியை என்னிடம் தந்தார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று கேலி செய்தேன்.

"வந்தான்னா, ஆளு இல்லாம நிக்கக்கூடாது இல்ல?" என்றார். "நீ கம்பு மட்டும் வெய்யி. கதவத் தொறக்காத. ஒண்ணு ஊட்ல இருக்கணும்."

கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் ரயிலில் ஏறும்போதுகூட அவர் மேலே பார்த்துக்கொண்டுதான் ஏறினார்.

தினமும் காலையில் மாடிக்குப் போய்ப் பெட்டைக்குக் கம்பு வைத்தேன். அது கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடப் பழகிக்கொண்டது. நானும் அதனோடு பேசப் பழகிக்கொண்டேன். அண்ணன் வாரம் தவறாமல் போன் செய்வார். அங்கே வேலை கிடைத்துவிட்டது, வெயில் அதிகம், உன் அண்ணி நன்றாக இருக்கிறாள் என்பார். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எதுனா வந்துச்சா?" என்பார். நான் இல்லை என்பேன்.

மழை விட்டு வெயில் அடித்த ஒரு நாள், துணி போட மாடிக்குப் போனேன். கூண்டுக்கு வெளியே, பலகை மேல் கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு புறா நின்றிருந்தது. எலும்பும் தோலுமாக இருந்தது. வெட்டப்பட்டு மீண்டும் பாதி முளைத்த சிறகு. காலில் யாரோ கட்டிய நூல் தொங்கிக்கொண்டிருந்தது. எந்த ஊரில் யார் பிடித்து வைத்திருந்தார்களோ, சிறகு முளைத்ததும் கிளம்பி வந்திருக்கிறது. உள்ளேயிருந்த பெட்டை கம்பியை ஒட்டி நடந்து நடந்து முனகியது.

கதவைத் திறந்து அதை உள்ளே விட்டு, நூலை வெட்டி எடுத்தேன். பிறகு அண்ணனுக்குப் போன் செய்தேன். "நைனா வந்துட்டான் அண்ணா" என்றேன்.

அந்தப் பக்கம் தூரத்தில் அண்ணியின் குரல், "யாருங்க?" என்றது. எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. இந்த மனிதர் இதைக் கேட்டதும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டால் அண்ணி என்ன செய்வார்?

"பெட்ட இன்னா பண்ணுது?" என்றார் அண்ணன்.

"பக்கத்துலயே நிக்குது. அது தலைய இது கோதிக்கினு கீது."

"ஒரு வாரம் நல்லா தீனி போடு. தேறட்டும். அப்பால கதவத் தொறந்து ரெண்டையும் வுட்டுடு."

"ரெண்டையுமா? ஒண்ணு ஊட்ல இருக்கணும்னு…"

"வேணாம்மா. சேந்தே போவட்டும். சேந்தே வரட்டும்." அப்புறம், "மில்லுக்கு எழுதிக் குடுத்துட்டேன், வேலை வேணாம்னு. ஓனர்கிட்டயும் பேசறேன், மாடி ரூம காலி பண்ணிடலாம்" என்றார்.

"நல்லதுண்ணா" என்றேன். மனசார நல்லதென்றுதான் நினைத்தேன். போனை வைத்த பிறகு கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவரைத் திட்டித் தீர்த்தேன். போகிறவர்களுக்கெல்லாம் போக ஒரு இடம் இருக்கிறது.

அவர் சொன்ன மாதிரியே கதவைத் திறந்துவிட்டேன். ரெண்டும் வீட்டைச் சுற்றின, ரயில்வே லைனைத் தாண்டின, மில் புகைக்கு அந்தப் பக்கம் போய்ப் புள்ளியாகி மறைந்தன. புருவத்துக்கு மேல் கையை வைத்துக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் நின்றேன். இருட்டுவதற்குள் ஒன்றாகவே வந்து இறங்கின.

இப்போது அவர் புறாவைப் பற்றிக் கேட்பதில்லை. போன் செய்வதும் குறைந்துவிட்டது, அது நல்ல சேதிதான். மாடிக்கு இன்னும் யாரும் குடிவரவில்லை. கூண்டின் கதவை நான் மூடுவதே இல்லை. என் வீட்டுக்காரர் இந்த முறை கொல்கத்தா பக்கம் போயிருக்கிறார்.

நேற்று அந்தச் சிவப்புப் புடவையைத் துவைத்துப் போட்டேன். எடுக்கப் போனால், அதே ஜரிகை மேல் எச்சம். எனக்கு வந்த கோபத்தில் புடவையை உருவிக்கொண்டு, மாடி அறைக் கதவு வரைக்கும் போய்விட்டேன். பூட்டைப் பார்த்த பிறகுதான், திட்டுவதற்கு அங்கே ஆள் இல்லை என்பது ஞாபகம் வந்தது.